குழலில் அடிக்காத பேர்

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
11 ஜூன் 1958

அன்புள்ள ஆர்வில்,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மழை வரப்போகிறதென்றால் என் முழங்கால் வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். உன் முதுகுவலி தேவலையா?

உன் அண்ணன் லெஸ்டர் போய் நான்கு மாதம் ஆகிறது. அவருடைய சட்டைகளைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கொட்டகையில் கிடந்த பித்தளை, அச்சு, உளி எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தேன். அந்த அவசரம் எனக்கு ஏன் வந்ததோ! துப்பாக்கியை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. என்னுடையதை என் தங்கை மகளுக்குக் கல்யாணப் பரிசாகத் தந்துவிட்டேன். இந்த அக்டோபரில் மான் வேட்டைக்கு லெஸ்டர் துப்பாக்கியோடு போகப்போகிறேன். இருபத்தொன்பது வருஷம் சேர்ந்தே மலையேறினோம். தனியாகப் போவது இதுவே முதல் தடவை. அவர் துப்பாக்கியாவது கூட வரட்டும் என்று ஆசை.

ஒரே ஒரு சந்தேகம். குழலில் தோட்டா அளவு 257 என்று அடித்திருக்கிறது. ஆனால் அவர் கடைத் தோட்டாவை அதில் போட்டு நான் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் கிடைக்கிற பித்தளைக் கூட்டை வாங்கி, கழுத்துக்குக் குறுகுகிற அதன் தோளைத் தள்ளி, கழுத்தை மாற்றி, உலகத்தில் வேறெவரிடமும் இல்லாத தோட்டா ஒன்றைச் செய்து, அதற்குக் காட்டுப்பூனை என்று பேர் சொல்லித் திரிகிற கூட்டம் அல்லவா உங்களுடையது! செய்ததையெல்லாம் போன வருஷமே சுட்டுத் தீர்த்துவிட்டார். பார்த்துச் சொல்ல ஒரு காலிக் கூடுகூட மிச்சமில்லை. அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காருகிற அறையைக் குழலுக்குள் வெட்டியவன் நீதான். அதில் என்ன தோட்டா போட வேண்டும் என்று எழுது.

உன் அண்ணி,
ஆக்னஸ்


லூயிஸ்டன், ஐடஹோ
20 ஜூலை 1958

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. முதுகு பரவாயில்லை. செர்ரிப் பழம் இந்த வருஷம் ஏராளம். உங்களுக்கு ஒரு பெட்டி அனுப்ப நினைத்தேன், போய்ச் சேர்வதற்குள் ஜாம் ஆகிவிடும்.

பிப்ரவரியில் அண்ணன் அடக்கத்துக்கு நான் வர முடியாமல் போனதை நினைத்து வருந்துகிறேன். பனி பெய்து மலைப் பாதை மூடிவிட்டது.

கடையில் வேலை நிறைய. எல்லோருக்கும் ஒரு காட்டுப்பூனை வேண்டும். போன வாரம் எங்கள் ஊர்ப் பல் டாக்டர் வந்தார். யானை சுடுகிற தோட்டாவின் கூட்டை எடுத்து, அதன் வாயைத் தையல் ஊசி நுழைகிற அளவுக்குச் சுருக்கித் தர வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால், அணில் சுட!

"அணில் செத்துச்சான்னு எப்படித் தெரியும் டாக்டர்?"

"ரோமம் பறக்கும்ல?"

"அப்ப அணில் எங்க?"

"அது அடுத்த மாகாணத்துல கிடக்கும்."

சிரித்துச் சிரித்து முதுகு மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஆனால் ராத்திரி பகலாக அந்த மனிதர் அதைப் படம் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர் மனைவி சொல்கிறார். பாவம், எங்கள் ஜாதி.

துப்பாக்கி விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். இந்த வருஷத்துக்கு வேறு யாரிடமாவது ஒரு துப்பாக்கி இரவல் வாங்கினால் என்ன?

தங்கள் கொழுந்தன்,
ஆர்வில்


மைல்ஸ் சிட்டி
4 ஆகஸ்ட் 1958

அன்புள்ள ஆர்வில்,

கால் வலியைத் தவிரச் சுகம். ஆலங்கட்டி மழையில் தோட்டத்துத் தக்காளி போயிற்று, முட்டைக்கோஸ் தப்பியது.

செர்ரி தெரிந்துகொண்டேன், வெயில் தெரிந்துகொண்டேன், பல் டாக்டரின் அணில்வரை தெரிந்துகொண்டேன். நான் கேட்டதைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உன்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரவல் துப்பாக்கி எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது துப்பாக்கி அல்ல, அவருடைய துப்பாக்கி. புரிகிறதா? அதில் என்ன தோட்டா?

ஆக்னஸ்


லூயிஸ்டன்
30 ஆகஸ்ட் 1958

அன்புள்ள அண்ணிக்கு,

தக்காளி போனது கேட்டு வருத்தம். நான் நலமே.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அது கடையில் கிடைக்கிற 257 அல்ல. அதை வெட்டி மாற்றிய ஒன்று. அதற்குப் பேர் கிடையாது. அளவெல்லாம் என் தலையில் இருக்கிறது. நானே இருபது தோட்டா செய்து பார்சலில் அனுப்புகிறேன்.

அந்தத் தோட்டா பிறந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். 1951 குளிர்காலம் முழுக்க உங்கள் சமையலறை மேசையை நாங்கள் பிடித்துக்கொண்டோம். இறைச்சி சுற்றுகிற தாளில் அண்ணன் ஒரு தோட்டா வரைவான், நான் ஒன்று வரைவேன். இல்லாத தோட்டா, இல்லாத வேகம், எட்டாத தூரத்தில் நிற்கிற மான். நீங்கள் வந்து "சாப்பாட்டுக்கு இடம் விடுங்கடா"என்று தாள்களைத் தள்ளுவீர்கள். அவன் வரைந்ததில் தோள் சரிவாக இருக்கும், நான் வரைந்ததில் நிமிர்ந்து நிற்கும். கடைசியில் அவன் வரைந்தபடியே வெட்டினேன். துப்பாக்கி அவனுடையது.

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல குளிர்காலம் வந்ததில்லை.

ஆர்வில்


மைல்ஸ் சிட்டி
23 செப்டம்பர் 1958

அன்புள்ள ஆர்வில்,

இங்கே எல்லாம் வழக்கம்போல. காலையில் புல்லின் மேல் பனி உறைய ஆரம்பித்துவிட்டது. நீ குளிருக்கு முதுகில் கம்பளி கட்டிக்கொள்.

உன் பார்சல் வரவில்லை. வேட்டை அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி திறக்கிறது. அதற்கு முன்னால் கை பழக வேண்டாமா? காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, நேற்று இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஸ்வெர்ரேயை உனக்குத் தெரியும், வாய் ஓயாது.

"குழல்ல என்ன போட்டிருக்கு?"

"257."

"அப்புறம் என்ன யோசனை? போட்டிருக்கிறதைத்தானே போடணும்? காலுக்கு எட்டுன்னா எட்டு நம்பர் செருப்பு."

"இல்லை, அவரு என்னமோ மாத்தியிருந்தாரு."

"மாத்தியிருந்தா பேரையும் மாத்தி அடிச்சிருப்பாங்க. அதானே முறை. தம்பிதானே துப்பாக்கி வேலைக்காரரு? அவருக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதும் நியாயமாகப் பட்டது. ஒரு பெட்டி வாங்கி வந்தேன். வீட்டில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பழைய செருப்பில் கால் போவதுபோல் போயிற்று. பின்னால் அடைக்கிற போல்ட் ஒரு விரலால் மூடியது. வரும் சனிக்கிழமை சரளைப் பள்ளத்துக்குப் போய் நாலைந்து சுட்டுப் பார்க்கிறேன். உன் இருபது வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் குறையில்லை.

ஆக்னஸ்


தந்தி
லூயிஸ்டன், 26 செப்டம்பர் 1958

சுட வேண்டாம். எந்தத் தோட்டாவும் போட வேண்டாம். கடிதம் வருகிறது. ஆர்வில்.


லூயிஸ்டன்
26 செப்டம்பர் 1958

அண்ணி,

தந்தி கைக்கு வந்திருக்க வேண்டும். வந்ததா இல்லையா என்று உடனே இரண்டு வரி எழுதுங்கள். அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை.

மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். புதிய அறை வெட்டுகிறவன், துப்பாக்கி தன் மேசையை விட்டு இறங்குவதற்குள் குழலில் பழைய பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிய பேரைப் பொறிக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். நான் செய்யவில்லை. எழுத்து உளிகளைக் கையில் எடுத்த நேரத்தில்தான் சண்டை வந்தது.

"257 ஆர்வில்னு அடிக்கிறேன். வெட்டினது என் கை."

"யோசிச்சது என் தலை. லெஸ்டர்னு அடி."

"சரி, குடும்பப் பேரு ஹாகன்னு போடுவோம். ரெண்டு பேருக்கும் பொது."

"எந்த ஹாகன்னு கேப்பான்ல? நீ முதல்ல தோட்டாவுக்குத் தோள் வரையக் கத்துக்க. நீ வரையறது பொட்டி மாதிரி இருக்கு. அதுக்குள்ள தோட்டா ஏறாது, பொணந்தான் ஏறும்."

நான் உளியை மேசையில் எறிந்தேன். அவன் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனான். அடுத்த வாரம் நான் ஐடஹோவுக்கு ரயிலேறினேன். இதற்காகவா பிரிந்தார்கள் என்று யாராவது கேட்கலாம். இதற்காகத்தான். அதனால்தான் நீங்கள் கேட்டபோதெல்லாம் செர்ரியும் அணிலும் எழுதினேன்.

பேர் அடிக்காமல் விட்டும் நான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வெட்டிய அறை கடைத் தோட்டாவைவிடக் குட்டை. கடைத் தோட்டாவைப் போட்டால் போல்ட் மூடவே மூடாது. நீங்களோ ஒரு விரலால் மூடியது என்கிறீர்கள். அப்படியானால் அது நான் வெட்டிய அறை அல்ல. யாரோ அதை மறுபடி வெட்டியிருக்கிறார்கள். அறை நீளமாகவும் தோட்டா குட்டையாகவும் இருந்தால், சுடும்போது பித்தளைக் கூடு இரண்டாகக் கிழியும். நெருப்பு முன்னால் போகாமல் உங்கள் கண்ணுக்குத் திரும்பும்.

என் இருபது தோட்டாவும் தயாராக மேசையில் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். மருந்துக் கடையில் கந்தகம் வாங்கி உருக்கி, குழலைத் துணியால் அடைத்துவிட்டு அறைக்குள் ஊற்றுங்கள். ஆறியதும் அறையின் அச்சு கட்டியாக வெளியே வரும். அதை உடையாமல் சுற்றி அனுப்புங்கள். தாளில் செய்முறை தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆர்வில்


மைல்ஸ் சிட்டி
2 அக்டோபர் 1958

ஆர்வில்,

உயிரோடு இருக்கிறேன். தந்தி வெள்ளிக்கிழமை மாலை வந்தது. வண்டியில் துப்பாக்கியை ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தேன். திரும்ப எடுத்து வந்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

கந்தக அச்சு இதோடு வருகிறது. உன் அண்ணனின் கம்பளிக் காலுறைக்குள் வைத்திருக்கிறேன். வீடு முழுக்க நரக நாற்றம். பாதிரியார் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு வந்துட்டுப் போனாங்க?"என்று கேட்டார்.

இப்போது நான் சொல்கிறதைக் கேள். பிப்ரவரியில் மலைப் பாதை மூடியது உண்மைதான். ரயில் ஓடியது. ஸ்போகேனிலிருந்து உங்கள் சித்தி, எழுபத்தொன்பது வயசுக் கிழவி, அதில்தான் வந்து இறங்கினாள். சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் நின்றார்கள். ஆறாவது இடத்துக்கு ஸ்வெர்ரேயைக் கூப்பிட்டேன். மூன்று கடிதம் உன்னிடம் கெஞ்சி எழுதியபோதும் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், உன் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

இன்னொன்றையும் உன்மேல் இருந்த கோபத்தில்தான் எழுதாமல் வைத்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் குளிர்காலத்தில் லெஸ்டர் மூன்று வாரம் கொட்டகைக்குள்ளேயே கிடந்தார். என்னை உள்ளே விடவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கழுதை சொன்னதுதான் சரி"என்றார். எந்தக் கழுதை என்று கேட்டேன். "உருளைக்கிழங்கைத் தள்ளு"என்றார்.

ஆக்னஸ்


லூயிஸ்டன்
8 அக்டோபர் 1958

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருப்பதற்கு ஆண்டவனுக்கு நன்றி. நலம் விசாரிப்பதை இதுவரை வாய்வார்த்தையாக எழுதியிருக்கிறேன். இன்று மனசார எழுதுகிறேன்.

அச்சு ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. அளந்தேன். நம்பாமல் மறுபடி அளந்தேன். பிறகு பல் டாக்டரைக் கூப்பிட்டு அவரை அளக்கச் சொன்னேன். "அருமையான தோளு. யாரு வரைஞ்சது?"என்று கேட்டார்.

நான் வரைந்தது, அண்ணி. பெட்டி என்று அவன் கேலி செய்த அதே தோள். இறைச்சித் தாளில் நான் போட்டிருந்த அளவு மயிரிழை மாறாமல் இருக்கிறது. அந்தத் தாளை அடுப்பில் போட்டிருப்பான் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தேன். வைத்திருக்கிறான். என்னிடம் கேட்காமல், தானே உளி செய்து, நான் வெட்டிய அறையைக் குடைந்து என் தோளாக மாற்றியிருக்கிறான்.

நான் செய்த இருபது தோட்டாவும் அவனுடைய பழைய அளவு. கடைத் தோட்டாவைவிடவும் குட்டை. சோம்பேறித்தனத்தால் தபாலில் போடாமல் இருந்தேன். போட்டிருந்தால், என் கையால் செய்தது என்று நம்பி நீங்கள் சுட்டிருப்பீர்கள். இருபதையும் பிரித்துப் போட்டுவிட்டேன்.

ரயில் ஓடியது எனக்குத் தெரியும். ஸ்டேஷன்வரை போனேன். பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தது, போயிற்று. அவன் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே, செத்த பிறகு நான் ஏன் போக வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆறாவது இடம் என்னுடையது. அதை இனி எப்படித் திருப்பித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

துப்பாக்கியை ரயில் பார்சலில் அனுப்புங்கள். அறையை என் கண்ணால் பார்த்து, அதற்கேற்ற தோட்டா செய்து, நானே சுட்டுப் பார்த்து, பேர் அடித்து அனுப்புகிறேன். திறக்கிற நாளுக்குள் முடியாது. நவம்பர் இறுதிவரை வேட்டை இருக்கிறதே.

ஆர்வில்


லூயிஸ்டன்
25 அக்டோபர் 1958

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். துப்பாக்கி பத்திரமாக வந்தது. இன்று திருப்பி அனுப்புகிறேன். கூடவே முப்பது தோட்டா. இவை தவிர இருபது நான் செய்து சுட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அறையை அவன் என்னைவிடச் சுத்தமாக வெட்டியிருக்கிறான். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

குழலைக் கட்டையிலிருந்து கழற்றினேன். மரத்துக்குள் மறைந்து கிடக்கிற அடிப்பக்கத்தில் எழுத்து இருந்தது. அவன் கைதான். எழுத்துகள் குடிகாரர்கள்போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன.

257 ஆர்வில்
1956

கடையைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். கதவைத் தட்டினவர்களைத் திரும்பிப் போகச் சொன்னேன்.

மேலே பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு 257 லெஸ்டர் என்று பொறித்திருக்கிறேன். எழுத்து நேராக இருக்கிறது. முன்பே செய்திருக்க வேண்டியது.

ஆர்வில்


மைல்ஸ் சிட்டி
9 நவம்பர் 1958

அன்புள்ள ஆர்வில்,

சுகமே. முழங்காலைக்கூட நேற்று முழுக்க மறந்திருந்தேன்.

பௌடர் நதிப் பக்கம் போனேன். மதியத்துக்கு முன்னால், இருநூறு கஜத்தில், ஒரே தோட்டா. நாலு கிளைக் கொம்புள்ள மான். படுத்திருந்த என் பக்கத்தில் புல் அசைந்துகொண்டிருந்தது. அவர் வழக்கமாகச் சொல்கிற "அவசரப்படாத"என்பதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்தேன். இறைச்சியில் பாதியைத் தொத்திறைச்சி போட்டாயிற்று.

உன் கடிதம் வந்த அன்றே திருப்புளியை எடுத்துக் கட்டையைக் கழற்றி அந்தச் சாய்ந்த எழுத்துகளைப் பார்த்தேன். நீ அழுதேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சமையலறையில் நின்று அந்தக் குழலைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். முப்பது வருஷத்தில் அவரை அப்படித் திட்டியதில்லை.

அவருக்கு உன் பேரை ஒத்துக்கொள்ள மனசு இருந்தது, யாரும் பார்க்கிற இடத்தில் ஒத்துக்கொள்ள மனசில்லை. உனக்கு ஸ்டேஷன்வரை வர மனசு இருந்தது, வண்டியேற மனசில்லை. ஒரே வயிற்றில் பிறந்தீர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உங்கள் இரண்டு வீம்புக்கும் நடுவில் என் முகம் இருந்தது, ஆர்வில். அந்த நாலு எழுத்தை மேல் பக்கம் அடித்திருந்தால் நான் கடைத் தோட்டா வாங்கியே இருக்க மாட்டேன். அதுகூடப் போகட்டும். அடித்து உனக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தால், நீ அடுத்த ரயிலில் வந்திருப்பாய். இரண்டு குளிர்காலம் என் மேசையை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மரத்துக்கு அடியில் பாசத்தை வைத்து யாருக்கு என்ன லாபம்?

இப்போது நீயும் அதையேதான் செய்திருக்கிறாய். அவர் பேரை மேலே போட்டுவிட்டு உன் பேரைக் கீழேயே விட்டுவிட்டாய்.

இருபத்தேழாம் தேதி நன்றி நாள் விருந்துக்கு நீ இங்கே இருக்க வேண்டும். உன் எழுத்து உளிகளைக் கொண்டுவா. 257 லெஸ்டர் என்பதற்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் காலியாக இருக்கிறது. அளந்துவிட்டேன்.

உன் அண்ணி,
ஆக்னஸ்